கோலும் கயிறும்: திருநாவலூரார் வரலாறும் ஊனமுற்ற மாணவரின் கல்லூரிக் கல்வியும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கெடில ஆற்றையொட்டி அமைந்த திருநாவலூர், சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர் என்பது தமிழ் கற்றோர் யாவரும் அறிந்தது. சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் மகனாய்ப் பிறந்து, நரசிங்கமுனையரையரின் மனையில் வளர்ந்து, மணநாளில் முதிய அந்தணர் ஒருவர் நீட்டிய ஓலையினால் வழக்கில் தோற்று, திருவெண்ணெய்நல்லூரில் இறைவனுக்கு ஆளான அவருடைய கதையைச் சைவ அன்பர் மட்டுமன்றி, நம் இறையியற் கல்லூரிகளில் பக்தி இலக்கியம் பயில்வோரும் நன்கறிவர். தடுத்தாட்கொள்ளும் அருளைப் பற்றி நாம் விரும்பிப் பேசுகிறோம். ஆனால் அதே அடியவர் கண்ணிழந்து, கோலூன்றி, ஊர் ஊராக நடந்த காலத்தைப் பற்றி நாம் பேசுவது அரிது.

இக்கட்டுரையில் அப்பகுதியையும், அதனோடு தண்டியடிகள் வரலாற்றையும் எடுத்துத் திறனாய முற்படுகிறோம். இலக்கியச் சுவை மட்டும் நம் நோக்கமன்று. உடற்குறையுடைய மாணவரும் மாணவியரும் கல்லூரி வாயிலை அடையும்போது, ஆசிரியராகவும் ஆயராகவும் விடுதிக் காப்பாளராகவும் அங்கு நிற்கும் நாம், எந்தக் கதையை மனத்திற்கொண்டு அவர்களை நோக்குகிறோம்? தண்டனைக் கதையா, அற்புதக் கதையா, அல்லது வேறொன்றா? நம் பழங்கதைகள் நம்மை அறியாமலே நம் சேர்க்கைக் குழுக்களில் அமர்ந்திருக்கின்றன. ஆதலால் அவற்றை ஆராய்வது குருத்துவப் பணிக்குப் புறம்பான வேலையன்று.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. முன்னர் வழங்கிய 'ஊனமுற்றோர்' என்பதற்கு மாற்றாக இன்று தமிழக அரசு ஆவணங்களில் 'மாற்றுத்திறனாளிகள்' என்ற சொல் நிலைபெற்றுள்ளது. மதிப்புக் கருதி எழுந்த அச்சொல்லை நாம் ஏற்கிறோம். எனினும் ஊனம் என்பது ஒருவனுடைய உடலில் மட்டுமன்றி, அவனைச் சூழ்ந்த படிகளிலும் பாடநூல்களிலும் மனங்களிலும் இருக்கிறது என்பதைச் சுட்டுதற்குப் பழைய சொல்லையும் இங்கு ஆள்கிறோம்.

1. பதிகம் சொல்வதும் புராணம் சொல்வதும்

சேக்கிழார் கூறும் வரலாறு இது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்த நம்பியாரூரர், அவரைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சூளுரைத்தார். பின்னர்த் திருவாரூரின் வசந்த விழா நினைவு மேலிட, சூளைக் கடந்து ஒற்றியூரின் எல்லையைத் தாண்டினார். தாண்டிய அளவில் இரு கண்களின் ஒளியும் மறைந்தது. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் ஒன்று கிடைத்தது. காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் மீண்டன.

இக்கதையில் காரணமும் விளைவும் ஐயத்திற்கிடமின்றி இணைக்கப்பட்டுள்ளன. சூள் பிழைத்தார், ஆகவே கண்ணிழந்தார். சேக்கிழாருக்கு நீதி செய்யவேண்டுமாயின் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தம்பிரான் தோழரே ஆயினும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை மீற இயலாது என்பதே அவர் உணர்த்த விரும்பும் அறம். நண்பனுக்காக நீதி வளையவில்லை. அவ்வறம் பெரிது. ஆனால் அதனை நிலைநாட்டக் கவிஞர் எடுத்த கருவி குருடு. பார்வையின்மை ஒரு தண்டத் தொகையாக இங்கு எண்ணப்படுகிறது. எக்குற்றமும் செய்யாது பிறந்தநாள் முதல் பார்வையற்றிருக்கும் ஒருவர் இக்கதையைக் கேட்டால், அவர் காதில் விழுவது சங்கிலியாரின் உரிமையன்று. தம் மேல் சுமத்தப்பட்ட பழி.

புராணத்தை விட்டுச் சுந்தரர் பாடிய பதிகங்களுக்குச் சென்றால் வேறொரு குரல் கேட்கிறது. வெண்பாக்கப் பதிகத்தில், பிழை செய்தாலும் இறைவன் பொறுப்பார் என்ற நம்பிக்கையில் பிழைத்தேன் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஆரூர்ப் பதிகத்திலோ, தாம் யாதொரு குற்றமும் செய்யவில்லை, பின் எதற்காகத் தம் கண்ணைப் பறித்தீர் என்று எதிர்வழக்கு ஆடுகிறார். மற்றைக் கண்ணையும் தராவிடில் நீரே நன்றாக வாழ்ந்துகொள்ளும் என்று, வாழ்த்துப்போல் ஒலிக்கும் வசையைச் சொல்கிறார். ஒரே அனுபவத்தைப் பற்றி ஒரே அடியவர் ஓரிடத்தில் ஒப்புதலும் ஓரிடத்தில் மறுப்பும் சொல்வதை நாம் முரண்பாடு என்று தள்ளிவிடலாகாது. துன்பத்தின் காரணத்தைத் தேடும் மனிதன் இவ்வாறே பேசுகிறான். யோபும் இவ்வாறே பேசினான். பதிகம் வழக்காடும் இடத்தில் புராணம் தீர்ப்பெழுதிவிடுகிறது. நம் கருத்தில் பதிகமே உண்மைக்கு நெருங்கியது.

2. வெண்பாக்கத்துக் கோல்

இனி, நம் ஆராய்ச்சிக்கு மிக இன்றியமையாத இடத்திற்கு வருகிறோம். ஒற்றியூர்ப் பதிகத்திலேயே சுந்தரர் ஒரு விண்ணப்பம் செய்கிறார். முக்கண்ணுடைய இறைவன் தன் அடியவனின் கண்ணைக் கொள்வதுதான் முறையும் வழக்கும் என்றால், ஊன்றிச் செல்ல ஒரு கோலையாவது தரவேண்டும் என்பது அதன் பொருள். இதனை ஊன்றி நோக்குக. அவர் பேசும் மொழி இரங்கத்தக்கவனின் மொழியன்று. கணக்கும் வழக்கும் அறிந்தவனின் மொழி. திருவெண்ணெய்நல்லூரில் ஓலை காட்டி வழக்கில் வென்ற இறைவனிடம், அதே வழக்குமன்ற நடையில் அவர் தம் உரிமையைக் கேட்கிறார். கண்ணின் மீட்பு பற்றிய முடிவு எப்போது வரினும் வருக. இன்று நடப்பதற்கு வேண்டியது இன்றே வேண்டும் என்கிறார்.

வெண்பாக்கத்தில் அந்தக் கோல் கிடைத்தது. அவ்விறைவன் இன்று பூண்டியில் ஊன்றீசுவரர் என்ற பெயரால் வணங்கப்படுகிறார். கோல் கொடுத்த செயலே கோயிலின் பெயராக நின்றது சிந்திக்கத்தக்கது. கோலைப் பெற்ற சுந்தரர் மனநிறைவு கொள்ளவில்லை. சினந்து அதனை வீசினார், நந்தியின் கொம்பு ஒடிந்தது என்று தலமரபு சொல்லும். அந்தச் சினத்தையும் மரபு மறைக்காமல் போற்றி வைத்திருக்கிறது. உதவி பெற்றவன் ஓயாது நன்றி சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்போர்க்கு இம்மரபு ஒரு பாடமாகும்.

புராணம் ஓதுவோர் கண்ணிழந்த இடத்திலிருந்து கண் பெற்ற இடத்திற்கு விரைந்து சென்றுவிடுகின்றனர். ஆனால் வெண்பாக்கத்திற்கும் காஞ்சிக்கும் இடையே ஒரு நெடுவழி உண்டு. அவ்வழியில் பார்வையற்ற ஒருவர் கோலூன்றி நடந்தார், திருவாலங்காட்டில் பாடினார், பாட்டின் தரம் குன்றவில்லை. கண் இல்லாமையால் அவர் கவிஞர் அல்லாமற் போகவில்லை. வழி அறியத்தான் கோல் தேவைப்பட்டது. கல்லூரியில் பயிலும் ஊனமுற்ற மாணவரின் வாழ்வு முழுவதும் இந்த இடைவழியிலேயே நிகழ்கிறது. ஆதலால் நம் இறையியலும் அவ்விடைவழிக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும்.

3. தண்டியடிகளின் கயிறு

சுந்தரர் திருவாரூரில் பாடிய திருத்தொண்டத்தொகையில் தண்டியடிகள் இடம்பெறுகிறார். பிறவியிலேயே பார்வையற்ற அவரைச் சுந்தரர் 'நாட்டம்' மிக்கவர் என்று குறிப்பது நயமுடையது. அச்சொல் கண்ணையும் குறிக்கும், விருப்பத்தையும் குறிக்கும். அத்தொகையில் குளமும் இல்லை, சமணரும் இல்லை. அவை நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியிலும், பின்னர் விரிவாகச் சேக்கிழாரிடத்தும் வருகின்றன.

திருவாரூர்க் கோயிலின் மேற்கிலுள்ள குளம் தூர்ந்து குறுகியது கண்டு, அதனை அகழத் தண்டியடிகள் முற்பட்டார். பார்வையற்றவர் குளம் தோண்டுவது எவ்வாறு? குளத்தின் நடுவே ஒரு தறியும், கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை அள்ளி, கயிற்றைத் தடவிக்கொண்டே ஏறிக் கொட்டினார். அற்புதம் எதுவும் இதில் இல்லை. தம் உடலையும் தம் பணியையும் நன்கறிந்த ஒருவர் தாமே வகுத்த முறை அது. பெரியபுராணத்தில் நாம் காணும் மிகத் தெளிவான தொழில்நுட்பக் காட்சிகளுள் இஃதொன்று.

பக்கத்திலிருந்த சமணர், மண்ணைத் தோண்டினால் சிற்றுயிர்கள் மாளும் என்றனர். அவர் கேளாது பணி தொடரவே, கண்ணோடு காதும் போயிற்றோ என்று எள்ளினர். பின்னர்க் கருவியைப் பறித்து, தறிகளையும் கயிற்றையும் பிடுங்கினர். வழக்கு மன்னனிடம் சென்றது. தண்டியடிகள் குளத்தில் மூழ்கிக் கண்பெற்று எழுந்தார். எதிரிகள் கண்ணிழந்து ஊரைவிட்டு ஓடினர்.

இம்முடிவை நாம் ஏற்றுக்கொள்ள இயலாது. சமயப் பகை கவிதையின் அறத்தைக் கெடுத்துவிட்டது என்றே சொல்லவேண்டும். பார்வையற்றவரை எள்ளியது குற்றம் என்று காட்டிய கதை, இறுதியில் தானே பார்வையின்மையை இழிவாக்கி, மாற்றுச் சமயத்தார் மேல் எறிகிறது. சிற்றுயிர் ஓம்பும் சமணரின் கொள்கையும் அங்கு நேர்மையாகக் கேட்கப்படவில்லை. ஆயினும் கதையின் நடுப்பகுதி நமக்கு இரண்டு உண்மைகளைத் தருகிறது. ஒரு குறையுடையவனை எல்லாக் குறையும் உடையவனாக எண்ணுதல் உலக வழக்கம். பார்வையற்ற மாணவரோடு பேசாமல் உடன் வந்தவரிடமே அவருடைய பெயரையும் பாடத்தையும் கேட்கும் அலுவலகங்களை நாம் அறிவோம். இரண்டாவது, ஊனமுற்றவரைத் தடுத்து நிறுத்த அவரைத் தொடவேண்டுவதில்லை. அவருடைய கயிற்றை அவிழ்த்துவிட்டாலே போதும்.

நம் இலக்கிய வரலாற்றில் வேறு கயிறுகளும் உண்டு. அந்தகக்கவி வீரராகவ முதலியார்க்கு முதுகில் எழுத்துக்களை எழுதிக் காட்டிக் கல்வி புகட்டினர் என்பது வழிவழிச் செய்தி. இரட்டைப் புலவருள் பார்வையற்றவர் நடக்க இயலாதவரைத் தோளில் சுமந்தார் என்றும், பாட்டையும் இருவரும் பாதி பாதியாகப் பாடினர் என்றும் கூறுவர். இளமையில் அம்மை நோயால் கண்ணிழந்த பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர் 19ஆம் நூற்றாண்டில் பெரும்புலவராய் விளங்கினார். நாம் இவர்களை வியக்கிறோம். ஆனால் முதுகில் எழுதிய அந்த விரலைப் பற்றி எண்ணிப்பார்ப்பதில்லை. கற்பித்தவன் தன் முறையை மாற்றிக்கொண்டான். அதனாலேயே மாணவன் கவியானான்.

4. நம் மறைநூலின் முன்

சைவ நூலைத் திறனாய்ந்த நாம் நம் மறைநூலை அதே அளவுகோலால் அளக்காவிடில் அது நேர்மையாகாது. யோவான் 9ஆம் அதிகாரத்தில், இவன் குருடனாய்ப் பிறந்ததற்கு யார் செய்த பாவம் காரணம் என்று சீடர் கேட்க, இயேசு அக்கேள்வியையே தள்ளிவிடுகிறார். இதனை எடுத்துக்காட்டி, சேக்கிழாரை நாம் வென்றுவிட்டதாக எண்ணுதல் எளிது. ஆனால் அதே நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் குணமான மனிதனுக்கு இனிப் பாவஞ்செய்யாதே என்ற எச்சரிப்பு உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் 13இல் பவுலை எதிர்த்த எலிமா பார்வை இழக்கிறான். ஆரூர்ச் சமணரின் கதைக்கும் அதற்கும் தொலைவு அதிகமில்லை. லேவியராகமம் 21, ஆரோனின் வழிவந்தோருள் ஊனமுற்றவன் பலிபீடத்தை அணுகலாகாது என விலக்குகிறது. பரிசுத்த உணவை உண்ண மட்டும் அவனுக்கு அனுமதி உண்டு. உண்ணலாம், பணிசெய்யலாகாது என்ற இந்த ஏற்பாடு நம் திருச்சபைகளில் முற்றிலும் மறைந்துவிட்டது என்று துணிந்து சொல்ல இயலுமா?

மறுபுறம், மறைநூலிலும் கோலும் கயிறும் உண்டு. யாத்திராகமம் 4இல் மோசே தான் திக்குவாயன் என்று மறுக்கிறான். கடவுள் அவனுடைய நாவைக் குணமாக்கவில்லை. ஆரோனை அவனுக்கு வாயாகக் கொடுக்கிறார். அழைப்பு மாறவில்லை, துணை சேர்க்கப்பட்டது. லேவியராகமம் 19 குருடனுக்கு முன்னே தடுக்கலை வைக்காதே என்கிறது. கட்டளை குருடனுக்கன்று, வழியில் கல் வைப்பவனுக்கு. யோவான் 9இல் கண்பெற்ற மனிதனும் கண்பெற்றதோடு நிற்கவில்லை. கற்றோர் அவையில் நின்று வாதிடுகிறான்; வாதத்தில் வென்றதற்காகவே வெளியே தள்ளப்படுகிறான். பாவத்தில் பிறந்த நீ எங்களுக்குப் போதிக்கிறாயோ என்பது அவர்கள் கேள்வி. அவர்கள் கண்ணுக்கு அவன் இறுதிவரை மாணவனாகவும் தகுதியற்றவன், ஆசிரியனாகவும் தகுதியற்றவன்.

பிறவியிலேயே எலும்புக் குறைபாடுடையவராயிருந்த அமெரிக்க இறையியலாளர் நான்சி ஐஸ்லண்ட், 1994இல் 'ஊனமுற்ற கடவுள்' என்ற தம் நூலில், உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் உடலில் காயங்கள் நீங்காமல் இருந்ததைச் சுட்டிக்காட்டினார். மகிமையடைந்த உடலிலும் தழும்பு நிலைத்திருக்குமாயின், குறையற்ற உடலே கடவுளின் சாயல் என்ற எண்ணம் தகர்கிறது. ஊனமுற்ற மாணவி ஒருத்தி உயர்கல்வி பெற்று எழுதிய நூல், நாமனைவரும் நூறுமுறை ஓதிய பகுதியில் நாம் காணாததைக் காட்டியது. ஒருவருக்குக் கல்லூரிக் கதவைத் திறத்தல் அவருக்கு மட்டும் நன்மையன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

5. கல்லூரி வாயிலில்

தமிழகத் திருச்சபை இத்துறையில் வெறுங்கையோடு நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் அருட்பணியாளரான ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்கும், சுவைன்சன் அம்மையார் காது கேளாதோர்க்கும் பள்ளிகளைத் தொடங்கினர். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்பின்கீழ் உணர்விழந்தார். பால் பிராண்டின் ஊக்கத்தால் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். அவரைப் பற்றிய மேடைப் பேச்சுக்களில் விசுவாசமும் மனவுறுதியும் போற்றப்படுகின்றன. அவை மெய்யே. ஆனால் கால் அசையாத மருத்துவரால் கையினால் செய்யக்கூடிய அறுவை எது என்று உடன் பணியாற்றியோர் எண்ணித் தெரிந்தனர் என்பதும் மெய்யன்றோ? அதனை விட்டுவிட்டு உறுதியை மட்டும் போற்றும் பேச்சு, அடுத்த மாணவியிடம் உறுதியை மட்டும் எதிர்பார்க்கும்.

அண்மைக் காலத்தில், சென்னை ஸ்டெல்லா மேரிஸ் கல்லூரியிலும் இலயோலா கல்லூரியிலும் ஆங்கில இலக்கியம் பயின்ற பெனோ செபின், முழுவதும் பார்வையற்ற நிலையில் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதலாமவராக 2015இல் அறியப்பட்டார். அவருடைய வெற்றியின் பின்னே நூல்களையும் நாளிதழ்களையும் படித்துக் காட்டிய தாயும், எழுத்தைப் பேச்சாக்கும் கணினி மென்பொருளும் உண்டு. கோலும் கயிறும் இங்கே உருவம் மாறியிருக்கின்றன.

சட்டமும் இன்று சுந்தரரின் வழக்குமொழியிலேயே பேசுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களிலும் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடையோர்க்கு ஒதுக்கப் பணிக்கிறது. வயது வரம்பிலும் 5 ஆண்டுத் தளர்வு தருகிறது. எழுதுவதற்குக் கை ஒத்துழையாத ஒரு தேர்வரின் வழக்கில், அந்த 40 விழுக்காட்டு வரம்பைக் காட்டிப் பதிலி எழுத்தரை மறுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. இத்தகைய வசதி தயவன்று, சமத்துவத்தின் பகுதி என்பதே அத்தீர்ப்பின் கருத்து.

அரசு உதவிபெறாத இறையியற் கல்லூரியை அவ்விழுக்காடு கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தாத இடத்தில்தான் நம் இறையியல் சோதிக்கப்படுகிறது. கல்வராயன் மலையின் சிற்றூரிலிருந்து, கால் ஊனமுற்ற ஓர் இளைஞர் அழைப்புப் பெற்று வருகிறார் என வைத்துக்கொள்வோம். சிற்றாலயம் மாடியில் இருந்தால் அவர் எங்கே ஜெபிப்பார்? பார்வையற்ற மாணவி ஒருத்தி வந்தால், கிரேக்கத் தேர்வில் அவளுக்குப் பதிலி எழுதுபவர் கிரேக்க எழுத்தை அறிந்தவராக இருக்கவேண்டும்; அவரை யார் தேடுவார்? ஒரு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் தருவது அரசுத் தேர்வுகளில் நடைமுறை. நம் உள்தேர்வுகளில் தருகிறோமா? நம் தமிழ் இறையியல் நூல்கள் பல, பக்கத்தைப் படமெடுத்த கோப்புக்களாகவோ, பழைய எழுத்துரு முறையிலோ கணினியில் ஏற்றப்பட்டுள்ளன. திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள் அவற்றின் முன் ஊமையாகிவிடுகிறது. ஒருங்குறியில் மீண்டும் அச்சுக்கோத்தால் அதே நூல் பேசும். இவை பெருஞ்செலவுடைய காரியங்களல்ல. எவரேனும் பொறுப்பேற்க வேண்டிய காரியங்கள்.

மேலும் ஒன்று. ஊனமுற்ற மாணவருக்காக அவர் கேளாமலே குணமளிக்கும் ஜெபம் ஏறெடுப்பதும், குணமாகாவிடில் அவருடைய விசுவாசத்தை ஐயுறுவதும் நம் விடுதிகளில் நிகழக்கூடியனவே. ஜெபத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் கண்ணைக் கேட்டு ஜெபிப்பவர் கோலைக் கொடுக்க மறந்தால், அந்த ஜெபம் கடமையிலிருந்து தப்பும் வழியாகிவிடும். தமக்கு எது வேண்டும் என்பதைச் சொல்லத் தக்கவர் அம்மாணவரே. தண்டியடிகளுக்குக் கயிறு கட்டும் முறையை வேறெவரும் கற்பிக்கவில்லை.

6. முடிவுரை

நம் ஆராய்ச்சியில் பெறப்பட்டவற்றைத் தொகுத்துக் கூறுவோம். திருநாவலூராரின் வரலாற்றில் புராணம் தண்டனையைக் காண, பதிகம் வழக்கைக் காண்கிறது. இறையியல் மாணவர் பதிகத்தோடு நிற்பது தகும். தண்டியடிகள் வரலாற்றில் முடிவு நம்மை உறுத்த, நடுப்பகுதி நமக்கு வழிகாட்டுகிறது. நம் மறைநூலும் இவ்விரு போக்குகளையும் தன்னகத்தே உடையது. ஆகவே ஒரு வசனத்தைக் காட்டி வாதத்தை முடிக்க இயலாது. தெரிந்தெடுத்துப் போதிக்கும் பொறுப்பு நம்முடையது.

வாசகரை நாம் வேண்டுவது இரண்டு. யோவான் 9ஐ அடுத்தமுறை பிரசங்கிக்கும்போது, கண் திறந்த வசனத்தோடு நிறுத்தாமல், அம்மனிதன் அவையில் பேசியதும் வெளியே தள்ளப்பட்டதுமாகிய பகுதிவரை படியுங்கள். கல்லூரிகளில் பொறுப்பிலுள்ளோர், அடுத்த சேர்க்கை தொடங்குமுன், தம் படிகளையும் நூலகத்தையும் தேர்வு விதிகளையும், ஏற்கெனவே அங்குப் பயிலும் ஊனமுற்ற மாணவரோடு சேர்ந்து ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அத்தகைய மாணவர் எவருமே இல்லையெனில், இல்லாமைக்குக் காரணம் என்ன என்று கல்லூரிக் குழுவில் கேளுங்கள்.